படைச்சாலையில் பெண்களைத் தேடி

ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள மலைநாட்டில் கோரியேரிக் என்று ஒரு கணவாய் இருக்கிறது. உயரம் சுமார் 770 மீட்டர். ஊட்டி, கொடைக்கானல் போய் வந்தவர்களுக்கு இது ஒரு உயரமே அல்ல. ஆனால் அதன்மேல் ஏறும் சாலை 1731இல் பிரிட்டிஷ் ராணுவம் போட்டது. இன்று அதன் மேல்பகுதி பாதுகாக்கப்பட்ட தொல்சின்னம். மோட்டார் வண்டிகளுக்கு அனுமதியில்லை. நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும்தான் போகிறார்கள். ஒரு ஜூன் மாதத்தில் நானும் என் தோழியும் தெற்குப் பக்கம் லாகன் என்ற ஊரில் கிளம்பி, கணவாயைக் கடந்து, வடக்கே நெஸ் ஏரிக்கரையில் இருக்கும் ஃபோர்ட் அகஸ்டஸ் வரை சைக்கிளில் போனோம். தொலைவு நாற்பது கிலோமீட்டருக்குப் பக்கம்.

போவதற்கு முன் அந்தச் சாலையைப் பற்றிக் கைக்கு எட்டியதையெல்லாம் படித்தேன். சாலை போட்ட தளபதியின் பெயர் எல்லாவற்றிலும் இருந்தது. எத்தனை சிப்பாய்கள் வேலை செய்தார்கள், நாளுக்கு எவ்வளவு கூடுதல் கூலி, எத்தனை மைல், எத்தனை பாலம் என்ற கணக்கு இருந்தது. எந்த இளவரசன் எந்த மாதம் இந்த வழியாகப் படை நடத்தினான் என்பது இருந்தது. பெண்களைத்தான் காணவில்லை. பிறகு அதே காலத்து ஆவணங்களைத் திரும்ப எடுத்து, வேறு கேள்வியோடு படிக்கத் தொடங்கினேன். பெண்கள் இருந்தார்கள். ஆனால் சாலையின் வரலாறு என்ற தலைப்பின் கீழ் இல்லை. ஒரு புகாரில், ஒரு பந்தயத்தில், ஒரு தடையாணையில், ஒரு பயணக் குறிப்பில், சில கடிதங்களில் இருந்தார்கள்.

முதலில் சாலை ஏன் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1707இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே அரசாக இணைந்தன. துரத்தப்பட்ட ஸ்டூவர்ட் அரச குடும்பத்துக்கு மலைநாட்டுக் குலங்கள் பலவற்றில் ஆதரவு இருந்தது. 1715இல் கிளர்ச்சி வெடித்து அடக்கப்பட்டது. 1724இல் லண்டன் அரசு ஜார்ஜ் வேட் என்ற தளபதியை நிலைமை பார்த்துவர அனுப்பியது. அவர் திரும்பிவந்து சொன்னதன் சாரம்: குலங்களிடமிருந்து ஆயுதத்தைப் பறிக்க வேண்டும், கோட்டைகள் வேண்டும், கோட்டைகளை இணைக்கச் சாலைகள் வேண்டும். அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 250 மைல் சாலையும் நாற்பது பாலங்களும் அவர் பொறுப்பில் எழுந்தன. கோரியேரிக் சாலை அவற்றுள் கடினமானது. ஏறத்தாழ ஐந்நூறு சிப்பாய்கள் 1731 கோடையில் அதைப் போட்டார்கள். சாதாரணச் சிப்பாய்க்கு அன்றாடச் சம்பளத்துக்கு மேல் ஆறு பென்னி.

லாகனிலிருந்து முதல் சில மைல்கள் தார்ச்சாலை. ஸ்பே ஆற்றை ஒட்டிப் போகிறது. கார்வா பாலத்தில் சைக்கிளை நிறுத்தினோம். இரண்டு வளைவுகள் கொண்ட கற்பாலம், 1732இல் கட்டியது, இன்றும் வண்டி போகிறது. இந்தப் பாலங்களை அன்றைக்கு எல்லோரும் வரவேற்கவில்லை. வேடின் கீழ் இருந்த பர்ட் என்ற அதிகாரி லண்டன் நண்பருக்கு எழுதிய கடிதங்கள் 1754இல் புத்தகமாக வந்தன. சாலைகளைப் பற்றி மலைநாட்டார் சொன்ன குறைகளை அதில் அவர் வகைவகையாகத் தொகுத்திருக்கிறார். அந்நியர் உள்ளே வர வழியாகிவிட்டது என்பது தலைவர்களின் குறை. கூடவே இன்னொன்று: பாலம் வந்துவிட்டால் சாதாரண மக்கள் பெண்மைப்பட்டுப் போவார்களாம், பாலம் இல்லாத இடத்தில் ஆற்றில் இறங்கிக் கடக்கும் திராணி போய்விடுமாம்.

இந்த வாதத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அதே பர்ட்தான் வேறு கடிதங்களில் அந்த நாட்டுப் பெண்களின் உழைப்பை விவரிக்கிறார். வெறுங்காலோடு நடப்பதை எழுதுகிறார். பாவாடையை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கித் துணியை மிதித்துத் துவைப்பதை எழுதுகிறார். அதற்குப் படமும் போட்டிருக்கிறார்கள். ஆக, குளிர்ந்த தண்ணீரில் கால் வைத்து நின்றவர்கள் பெண்கள். தண்ணீருக்குப் பயப்படும் குணத்துக்கு வைத்த பெயரும் பெண்மை.

பர்ட் பதிவுசெய்த இன்னொரு குறை ஏழைகளுடையது. சாலையில் கொட்டிய சரளை அவர்களுடைய வெறுங்கால்களைக் குத்துகிறது, லாடம் அடிக்காத குதிரைகளின் குளம்பைத் தேய்க்கிறது. இதை அவர் அறியாமையின் பேச்சாகவே பார்க்கிறார். எனக்கு அது துல்லியமான விமர்சனமாகப் படுகிறது. பூட்ஸ் போட்ட காலுக்காகவும் பீரங்கி வண்டிச் சக்கரத்துக்காகவும் போட்ட சாலை அது. செருப்பில்லாதவர்கள் புல்லிலும் கரி மண்ணிலும் தடம் போட்டு நடந்து பழகியவர்கள். புதிய சாலை அவர்களுக்கு வசதியைக் கொண்டுவரவில்லை, வலியைக் கொண்டுவந்தது. எந்தச் சாலைத் திட்டத்தைப் பார்த்தாலும் இப்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: இது யாருடைய காலை மனதில் வைத்துப் போட்டது?

கார்வா பாலத்தைத் தாண்டியதும் சாலை மோசமாகிறது. மெல்கார்வ் என்ற இடத்துக்குப் பிறகு தார் கிடையாது, மண்ணும் கல்லும்தான். இருபுறமும் பச்சைப் பள்ளத்தாக்கு, ஓடைகள். தலைக்கு மேல் உயர் அழுத்த மின்கம்பிகள். அந்தக் கோபுரங்களும் இதே கணவாயைப் பிடித்துத்தான் மலை ஏறுகின்றன. வீடு என்று ஒன்றும் கண்ணில் படாது. வருகிறவர்கள் இதைக் காடு, தனிமை, இயற்கை என்கிறார்கள். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தகைய மேட்டுப் பள்ளத்தாக்குகள் கோடையில் பெண்களின் இடம். கேலிக் மொழியில் ‘ஆரி’ என்பார்கள். கீழே வயலில் பயிர் நிற்கும் மாதங்களில் மாடுகளை மேலே ஓட்டிக்கொண்டு வருவார்கள். பெண்களும் சிறுமிகளும் கல்லாலும் புல்கரணையாலும் கட்டிய சின்னக் குடிசைகளில் தங்கிப் பால் கறந்து, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் செய்வார்கள். குளிர்காலம் முழுக்கக் குடும்பம் சாப்பிடுவதும் பண்ணை வாடகையில் ஒரு பங்கும் இந்த உழைப்பிலிருந்து வந்தது. வேலை கடுமையானது. ஆனாலும் கணவன், மாமியார் கண்ணுக்கு அப்பால் பெண்கள் தங்களுக்குள் இருக்கக் கிடைத்த வாரங்கள் அவை. பின்னால் பெரிய ஆட்டுப் பண்ணைகள் வந்து குடியானவர்களை வெளியேற்றியபோது இந்த வழக்கமும் போயிற்று. ஆளில்லாத மலை என்று நாம் இன்று பார்ப்பது ஆட்களை அகற்றிய மலை.

கணவாயின் உச்சிக்குச் சற்றுக் கீழே சாலை வளைந்து வளைந்து செங்குத்தாக ஏறுகிறது. பத்துக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். வேடின் ஆட்கள் கல்லடுக்கித் தாங்குசுவர் எழுப்பியிருக்கிறார்கள். மழைவெள்ளம் சரளையை அரித்துவிட்டதால் தேங்காய் அளவு கற்கள் வெளியே தெரிகின்றன. சின்ன கியரில் போட்டு மிதித்தாலும் பின்சக்கரம் வழுக்குகிறது, முன்சக்கரம் தூக்குகிறது. நாங்கள் மிதித்ததைவிடத் தள்ளியதே அதிகம். சைக்கிளோடு பையில் பஞ்சர் ஒட்டும் சாமான், பம்பு, ஆலன் சாவி, உபரி செயின் இணைப்பு எல்லாம் இருந்தன.

சாமான்களைச் சொல்லக் காரணம் சாரா மர்ரி. கணவனை இழந்தவர், ஐம்பது வயதைக் கடந்தவர், லண்டன் பக்கம் கென்சிங்டன்காரர். 1796இல் குதிரை வண்டியில் ஸ்காட்லாந்தைச் சுற்றினார். அந்தப் பயணத்தில் கோரியேரிக்கையும் கடந்தார். மூன்று ஆண்டு கழித்து ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டார். அந்தக் காலத்து ஆண் பயணிகள் பழங்கால இடிபாடுகளையும் தங்கள் உணர்ச்சிகளையும் எழுதிக்கொண்டிருந்தபோது, சாரா மர்ரி எங்கே சாப்பாடு கிடைக்கும், எந்தச் சத்திரத்தில் படுக்கை சுத்தமாக இருக்கும், எந்தச் சாலை வண்டியை உடைக்கும் என்பதை எழுதினார். வண்டி எப்படி இருக்க வேண்டும், சக்கரம் கழன்றால் போட உபரி அச்சாணி, சுத்தியல், ஆணி என்று என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்று பட்டியலே கொடுத்தார். தனக்குப் பின்னால் இன்னொருவர் வருவார், அவரும் இந்த மேட்டில் நிற்பார் என்ற நினைப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

அவரைத் தனியாகப் பயணம் செய்த வீரப்பெண் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது சரியில்லை. வண்டிக்குள் பக்கத்தில் அவருடைய பணிப்பெண் உட்கார்ந்திருந்தாள்; பின்னிருக்கையில் ஒரு வேலையாள். சாரா மர்ரியே இதைச் சொல்கிறார். பணிப்பெண்ணின் பெயரை மட்டும் சொல்லவில்லை. அதே மேட்டில் அவளும் குலுங்கினாள், அதே ஈரத்தில் அவளும் நனைந்தாள். ‘பெண் பயணி’ என்று ஒருமையில் பேசும்போதெல்லாம் வண்டிக்குள் இரண்டு பெண்கள் இருந்ததை நினைத்துக்கொள்வது நல்லது.

உச்சியில் காற்று நிற்கவே விடவில்லை. மறுபக்கம் இறக்கம் நீளமானது, ஆனால் சுகமில்லை. ஈரமான கற்கள், குறுக்கே ஓடும் ஓடைகள், பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரல் மரத்துவிடும். இந்தச் சரிவில்தான் சாலை தன் எஜமானர்களையே ஏமாற்றியது. 1745 ஆகஸ்டில் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட் இளவரசன் புதிய கிளர்ச்சியோடு வந்தபோது, அரசுப் படைத்தலைவர் ஜான் கோப் கோரியேரிக் வழியாக வரத் திட்டமிட்டார். கணவாயைக் கிளர்ச்சிக்காரர்கள் முந்திக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டதும் டால்வின்னியிலிருந்து வேறு வழியாகத் திரும்பினார். கிளர்ச்சிக்காரர்களை அடக்கப் போட்ட சாலையில் கிளர்ச்சிக்காரர்களே தெற்கே நடந்து போனார்கள். வேட் சாலைகளைப் பற்றிய புத்தகங்கள் இந்த முரணை ரசித்துச் சொல்லும். அதற்கு அடுத்த கோடையைப் பற்றி அவ்வளவு விரிவாகச் சொல்வதில்லை.

1746 ஏப்ரல் 16 அன்று கல்லோடனில் கிளர்ச்சி முறியடிக்கப்பட்டது. மே மாதம் கம்பர்லேண்ட் கோமகன் தன் படையோடு ஃபோர்ட் அகஸ்டஸில் முகாமிட்டார். அங்கிருந்து படைப் பிரிவுகள் சுற்றுவட்டாரப் பள்ளத்தாக்குகளுக்குப் போயின. வீடுகளைக் கொளுத்தின. மாடுகளையும் குதிரைகளையும் ஆயிரக்கணக்கில் கோட்டைக்கு ஓட்டிவந்தன. தெற்கிலிருந்து வந்த வியாபாரிகள் அவற்றை வாங்கினார்கள். ஆண்கள் செத்திருந்தார்கள், சிறையில் இருந்தார்கள் அல்லது மலையில் ஒளிந்திருந்தார்கள். மாடு போனது என்றால் பால் போனது, வெண்ணெய் போனது, ‘ஆரி’யின் கோடை முழுவதும் போனது. அந்தக் கொள்ளை நேராகப் பெண்களின் கையிலிருந்ததைப் பறித்தது.

முகாமிலும் பெண்கள் இருந்தார்கள். சிப்பாய்களின் மனைவிகள், துவைப்பது, சமைப்பது, காயத்துக்கு மருந்து போடுவது அவர்கள் வேலை. அந்த ஜூனில் படைக்குப் பொழுதுபோக்காகக் குதிரைப் பந்தயங்கள் நடந்ததை முகாமிலிருந்து போன கடிதம் ஒன்று சொல்கிறது. மலைநாட்டாரிடமிருந்து பறித்த மட்டக்குதிரைகள், சேணம் இல்லாமல். ஒரு நாள் சிப்பாய்கள் ஓட்டினார்கள். இன்னொரு நாள் அவர்களுடைய மனைவிகள். எட்டுப் பெண்கள், ஆண்களைப் போல இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்து ஓட்டினார்கள் என்று கடிதம் தனியாகக் குறிப்பிடுகிறது. பரிசு, கோமகன் கொடுத்த உயர்ரகத் துணியில் தைத்த உள்ளங்கி. கடும் போட்டிக்குப் பிறகு ஓல்டு பஃப்ஸ் என்ற படைப்பிரிவைச் சேர்ந்த ஒருவரின் மனைவி வென்றார். படைப்பிரிவின் பெயர் இருக்கிறது. அவர் பெயர் இல்லை.

இருபுறமும் கால் போட்டு என்ற அந்த வரியில் நான் நீண்ட நேரம் நின்றேன். பெண் எப்படி உட்கார வேண்டும் என்பதை நூறாண்டுகளுக்கும் மேலாக உலகம் கவனித்துக்கொண்டே இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அப்போதும் கேலி பேசியவர்கள் உட்காரும் விதத்தைத்தான் பேசினார்கள். பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே விரும்பி ஓட்டியவர்களும் அங்கே இருந்தார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பது காரணம். பஸ்ஸுக்காகவோ அண்ணனுக்காகவோ கணவனுக்காகவோ காத்திருக்காமல் தண்ணீருக்கும் வேலைக்கும் போய்வருவதுதான் அங்கே முக்கியம். நான் பெண்களின் சைக்கிளை விளையாட்டாக மட்டும் பார்க்காததற்குப் புதுக்கோட்டை ஒரு காரணம்.

ஆனால் 1746 பந்தயத்தை விடுதலையின் காட்சியாகக் கொண்டாட என்னால் முடியவில்லை. அந்தக் குதிரை நேற்றுவரை இன்னொரு பெண்ணின் வீட்டில் நின்றது. அதில் அவளுடைய கரி மண்ணும் தானியமும் சுமந்து வந்தார்கள். சிப்பாயின் மனைவிக்குக் கிடைத்த சிரிப்பும் ஓட்டமும் மலைநாட்டுப் பெண்ணின் இழப்பின்மேல் நடந்தவை. ராணுவம் பெண்களையும் இப்படித்தான் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது: கொள்ளையில் ஒரு சின்னப் பங்கு கொடுத்து.

இத்தோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். அதே கோடையின் ஆணைப் புத்தகத்தில் இன்னொரு பதிவு இருக்கிறது. முகாமில் விற்கும் மாவு படையினருக்கு மட்டுமே. சிப்பாயோ, சிப்பாயின் மனைவியோ, படையைச் சேர்ந்த வேறு எவருமோ மலைநாட்டார் யாருக்காவது மாவை விற்றதாகவோ சும்மா கொடுத்ததாகவோ தெரிந்தால், முதலில் கசையடி, பிறகு காவலில் இரண்டு வாரம் மாவும் தண்ணீரும் மட்டும்.

வரலாறு படிக்கும் மாணவிகளுக்கு நான் இந்த ஆணையைக் காட்ட விரும்புகிறேன். நடக்காத ஒன்றைத் தடைசெய்ய எந்தத் தளபதியும் மெனக்கெடுவதில்லை. ‘சிப்பாயின் மனைவி’ என்று பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். ‘விற்றாலும்’ என்பதோடு நிறுத்தாமல் ‘கொடுத்தாலும்’ என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஆக, வீடு எரிந்து, மாடு இழந்து, பிள்ளையோடு முகாமின் ஓரம் வந்து நின்ற பெண்ணுக்கு யாரோ ஒரு சிப்பாயின் மனைவி ஒரு கை மாவு போட்டிருக்கிறாள் என்று நான் வாசிக்கிறேன். இருவருக்கும் பொதுவான மொழிகூட இருந்திருக்காது. ஒருத்தி கேலிக், இன்னொருத்தி ஆங்கிலம். பந்தயத்தில் ஓடியவர்களில் ஒருத்தியாகக்கூட அவள் இருந்திருக்கலாம். பெண்கள் ஒன்று நல்லவர்கள், இல்லையென்றால் உடந்தை என்று பிரிக்கிற வரலாறு இந்த இரண்டு காகிதங்களையும் ஒருசேரப் பார்க்காது.

கடைசியாக ஆன் கிராண்ட். நான் தேடியவர்களில் தன் சொந்தப் பெயரோடும் சொந்தச் சொற்களோடும் முழுதாகக் கிடைத்தவர் இவர்தான். 1755இல் பிறந்தவர். தந்தை ராணுவத்தில் இருந்ததால் குழந்தைப் பருவத்தை அமெரிக்காவில் கழித்தார். 1773இல் தந்தை ஃபோர்ட் அகஸ்டஸ் கோட்டைக்குப் படைவீட்டு அதிகாரியாக வந்தார். 1779இல் ஆன், லாகன் ஊரின் மதகுருவை மணந்தார். அதாவது இவருடைய பிறந்த வீடு கணவாயின் வடக்கே, புகுந்த வீடு தெற்கே. நடுவில் நாங்கள் சைக்கிள் தள்ளிய அதே மேடு. புத்தகங்களில் அது படைச்சாலை. ஆன் கிராண்டுக்கு அது தாய்வீட்டுச் சாலை.

லாகனில் அவர் பண்ணை பார்த்தார், கேலிக் கற்றார், பன்னிரண்டு பிள்ளைகள் பெற்றார். கடிதங்கள் எழுதினார். 1801இல் கணவர் இறந்தார். மதகுருவின் வீடு திருச்சபையின் வீடு. அடுத்த மதகுருவுக்கு ஒழித்துக்கொடுக்க வேண்டும். அப்போது எட்டுப் பிள்ளைகள் உயிரோடு இருந்தார்கள். நண்பர்கள் சந்தா திரட்ட, 1803இல் கவிதைத் தொகுப்பு வந்தது. 1806இல் பழைய கடிதங்களைத் திரட்டி ‘மலையிலிருந்து கடிதங்கள்’ என்ற நூலாக வெளியிட்டார். அட்டையில் தன் பெயரைப் போடாமல் ‘ஒரு சீமாட்டி’ என்று மட்டும் போட்டார். அது பல பதிப்புகள் கண்டது. எழுத்தும், பின்னாளில் வீட்டில் தங்கவைத்துப் பராமரித்த மாணவிகளின் கட்டணமும் அவர் குடும்பத்தைக் காப்பாற்றின. 1838இல் எடின்பரோவில் இறந்தபோது பன்னிரண்டு பிள்ளைகளில் ஒரே ஒரு மகன்தான் மிஞ்சியிருந்தார்.

நமக்கு வசதியான முன்னோடி அவர் இல்லை. மேரி உல்ஸ்டன்கிராஃப்டின் ‘பெண் உரிமைகளின் நியாயம்’ 1792இல் வந்தது. அந்தப் புத்தகம் கைமாறிக் கைமாறிப் படிக்கப்படுவதை ஆன் கிராண்ட் 1794இல் ஒரு கடிதத்தில் எழுதுகிறார். எழுதிவிட்டு, அதை மறுக்கிறார். பெண்ணின் இடம் வீடு என்பது அவர் கட்சி. கோட்டையின் மகளாகப் பிறந்ததால் அரசின் பக்கம் நின்றார். ஆனால் அந்த வீடு கணவனின் மூச்சோடு கைவிட்டுப் போனபோது அவரைக் காப்பாற்றியது எழுத்து. பெண்ணுக்குச் சொந்தமாகப் பிழைக்க வழி வேண்டும் என்று உல்ஸ்டன்கிராஃப்ட் கேட்டது அதைத்தான். கருத்தில் எதிர்த்ததை வாழ்க்கையில் நிரூபித்தார். இப்படிப்பட்ட பெண்களை நம் குடும்பங்களிலேயே நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

ஃபோர்ட் அகஸ்டஸில் அந்தக் கோட்டை இருந்த இடம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெனடிக்டின் துறவிகளின் மடமானது, இப்போது குடியிருப்பு. பந்தயம் எந்தத் திடலில் நடந்தது என்று காட்டும் பலகை எதையும் நான் பார்க்கவில்லை. வேட் பெயர் அங்கங்கே இருக்கிறது. அவர் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. சாலை அவர் போட்டதுதான். ஆனால் சாலை என்பது போட்ட அந்த ஒரு கோடையோடு முடிந்துபோவதில்லை. சரளை குத்திய கால்கள், மாட்டை ஓட்டிப்போன சிறுமிகள், பெயர் தெரியாத பணிப்பெண், மாவு கொடுத்து அடிக்குப் பயந்தவள், அடிக்குப் பயந்தும் கொடுத்தவள், தாய்வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவில் கடிதம் எழுதியவள் எல்லோரும் சேர்ந்த வரலாறு அதற்கு உண்டு. அதைத் தேடுகிறவர்கள் சாலைப் பொறியியல் நூலை மட்டும் படித்தால் போதாது. தடையாணைகளைப் படியுங்கள். புகார்களைப் படியுங்கள். பரிசு யாருக்குப் போனது, எதிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள் என்று பாருங்கள்.